சீனத்து அக்கா பாடியபோது

குப்பை போடப் போகும்போதும் உதட்டுச் சாயம் பூசிக்கொண்டு போகிற ஒருவரை நான் வாழ்க்கையில் முதன்முதல் கண்டது நோர்வேயில், எல்லிங்ஸ்ருட்டில்தான். தை மாதத்துப் பனியில் மற்றவர்கள் இரவு உடுப்புக்கு மேல் கோட்டை மாட்டிக்கொண்டு கண்ணைக் கசக்கியபடி படியிறங்குவார்கள். எங்கள் பக்கத்து வீட்டுச் சீனத்து அக்கா மட்டும் கொண்டை முடித்து, புருவம் தீட்டி, கல்யாண வீட்டுக்குப் புறப்பட்டவர் போல இறங்குவார். கையில் மீன் செதில் நாறும் பை. "கிழவியாகப் போற நேரத்தில உவாவுக்கு ஏன் உந்த மினுக்கு" என்று எங்கள் கட்டடத்தில் பேசாத தமிழர் இல்லை.

ஒருநாள் நான் அவரிடமே கேட்டுவிட்டேன். அக்கா தொட்டியின் மூடியைச் சத்தமில்லாமல் மூடிவிட்டு என்னைப் பார்த்தார்.

"ஆராவது கூப்பிட்டால்?"

"குப்பை போடுற இடத்தில ஆர் கூப்பிடப் போகினம்?"

"அது தெரியாதுதானே. கூப்பிடேக்கை முகத்தைத் தேடிக்கொண்டு நிக்கேலாது."

நாங்கள் இருவரும் கதைத்தது நோர்வேஜிய மொழியில். அவருடையதும் அரைகுறை, என்னுடையதும் அரைகுறை. ஆனாலும் இரண்டு அரைகுறைகள் சேர்ந்து எப்படியோ முழுக்கதை வந்துவிடும். அவர் சொன்னவற்றை என் ஊர்த் தமிழில்தான் என்னால் எழுத முடியும். "அக்கா" என்ற சொல் அவருக்கு நன்றாகப் பிடித்துவிட்டது. அவருடைய சொந்தப் பெயரை நான் ஒரு முறைகூடச் சொல்லிக் கூப்பிட்டதில்லை.

எங்கள் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் எல்லாருக்கும் பொதுவான சலவை அறை இருந்தது. சுவர்ப் பலகையில் உங்கள் பூட்டு தொங்குகிற நேரம் உங்களுடையது. நேரத்துக்கு வராதவரின் முறையை இன்னொருவர் எடுத்துக்கொள்ளலாம், ஒருவரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். ஒரு சனிக்கிழமை, மேல்மாடி நோர்வேக்காரி மலைவீட்டுக்குப் போய்விட்டாள். இயந்திரம் வாயைத் திறந்தபடி சும்மா கிடக்கிறது. அக்கா அழுக்குக் கூடையை மடியில் வைத்துக்கொண்டு மர வாங்கில் குந்தியிருக்கிறார். நான் இரண்டு தரம் இறங்கி ஏறினேன். இரண்டு தரமும் அதே வாங்கு, அதே கூடை.

"போடுங்கோவன் அக்கா, அவள் இனி வரமாட்டாள்."

"என்ர முறை இல்லை."

"கேட்டால் குறைஞ்சா போயிடும்?"

"கேட்டு வாங்கிறது பாதி. கூப்பிட்டுத் தந்தால்தான் முழுசு," என்றார். இதைச் சொல்லும்போது அவர் நாடி ஒரு விரலளவு மேலே போகும். எனக்கோ எரிச்சல் வந்தது. அகதியாக வந்த இந்த நாட்டில் நான் கேட்டுக் கேட்டே வீடு எடுத்தவள், வேலை எடுத்தவள், பிள்ளைக்குப் பள்ளி எடுத்தவள். முழுசுக்காகக் காத்திருந்தால் நான் இன்னும் விமான நிலையத்தில்தான் இருந்திருப்பேன்.

அவர் யார் என்பது எனக்குத் தெரியவந்தது கிரோன்லாந்துப் பக்கத்து ஆசியக் கடை ஒன்றில். பாகற்காய் நிறுத்துக்கொண்டிருந்த சீனத்துப் பெண் தலை நிமிர்ந்து அக்காவைப் பார்த்தாள். பார்த்தவள் பார்த்தபடி நின்றாள். பாகற்காய் தட்டிலிருந்து உருண்டு விழுந்தது. பிறகு தங்கள் மொழியில் ஏதோ சொல்லிக்கொண்டு மேசையைச் சுற்றி ஓடிவந்து அக்காவின் இரண்டு கைகளையும் பிடித்து அழத் தொடங்கினாள். வரிசையில் நின்றவர்கள் செத்த வீடு ஏதோ என்று ஒதுங்கிப் போனார்கள்.

அழுது முடித்து என் பக்கம் திரும்பினாள். "இவா ஆரெண்டு உனக்குத் தெரியுமே? எங்கட ஊரில இவான்ர படம் போட்ட கலண்டர் இல்லாத வீடு இல்லை. ரயிலில இவான்ர பாட்டு, முடிவெட்டுற கடையில இவான்ர பாட்டு. என்ர அம்மா இவாவை மாதிரித்தான் தலை வாரி இழுப்பா."

அக்கா சிரித்துக்கொண்டு நின்றார். அந்தச் சிரிப்பை நான் அதற்கு முன் கண்டதில்லை. ஆயிரம் பேருக்கு ஒரே நேரத்தில் பங்குபோடுகிற சிரிப்பு. வீட்டுக்கு வரும் தே-பானே சுரங்க ரயிலில் அது கொஞ்சம் கொஞ்சமாக உதிர்ந்து, எல்லிங்ஸ்ருட்டில் இறங்கும்போது பழைய அக்கா ஆகிவிட்டார்.

அதற்குப் பிறகு வெள்ளிக்கிழமை தவிர்ந்த நாட்களில் என் குசினியில் மீன்குழம்பு சாப்பிட்டபடி அவர் சொன்ன துண்டுகளை ஒட்டித்தான் கதை செய்துகொண்டேன். ஆலைத் தொழிலாளியின் மகள். ஆடல் பாடல் குழுவுக்குப் பிள்ளைகளைத் தெரிந்தெடுக்க ஒரு வாத்தியார் அவர்களுடைய பள்ளிக்கு வந்தாராம். முன்னுக்கு நின்ற பிள்ளைகள் எல்லாம் முண்டியடித்துப் பாடிக் காட்டினார்களாம். இவர் கடைசி வரிசையில் வாய் திறக்காமல் நின்றாராம். வாத்தியார் விரலை நீட்டி, "நீ வா" என்றாராம்.

"நான் பாடவே இல்லை. பாடுறதுக்கு முதலே கூப்பிட்டவர்," என்பார். இதைச் சொல்லாத மாதம் இல்லை.

குழுவிலும் அதே கதைதானாம். முதல் கதாநாயகிக்கு மாற்றாக இவரை வைத்திருந்தார்கள். மாதக்கணக்காக முழு ஒப்பனையோடு திரைக்குப் பின்னால் நின்றிருக்கிறார், ஒரு வரி பாடாமல். ஒருநாள் அவளுக்குக் காய்ச்சல். "எங்கை அவள்?" என்று ஒருவர் கத்தியபோது இவர் ஏற்கெனவே படியில் கால் வைத்திருந்தாராம். அன்று சபையில் இருந்த ஒருவர் சினிமாவுக்கு அழைத்தார். முதல் படத்திலேயே ஆற்றங்கரையில் நின்று அக்கரை ஓடக்காரனைக் கூப்பிடுகிற ஒரு பாட்டு. அந்தப் பாட்டுத்தான் அவரை ஊர் ஊராகக் கொண்டுபோனது. தன் வாயால் ஒருவரையும் கூப்பிடத் தெரியாத பெண், கூப்பிடுகிற பாட்டால் பேர் எடுத்தார். கடவுளுக்கும் பொழுது போகவேண்டும்தானே.

"எத்தினை படம் நடிச்சனீங்கள்?"

"எண்ணேல்லை. எல்லாத்திலையும் செத்துப்போவன். ஆத்தில விழுந்து, இருமி இருமி, ஒருக்கால் குதிரை மிதிச்சு. செத்துச் செத்துத்தான் நான் பேர் எடுத்தனான்."

பிறகு இளம்பெண்கள் வந்தார்கள். அவருக்கென்று எழுதிய ஒரு படத்தை வேறொருத்திக்குக் கொடுக்கப் போகிறார்கள் என்று கதை அடிபட்டது. போய் இயக்குநரைக் கேள் என்று தாய் சொன்னாராம், தோழிகள் சொன்னார்களாம். இவர் தொலைபேசிக்குப் பக்கத்தில் ஒரு மாரிகாலம் முழுக்க உதட்டுச் சாயத்தோடு குந்தியிருந்தார். அது அடிக்கவில்லை. அடுத்த மாரியும் அடிக்கவில்லை. அந்த நேரம் பார்த்து, காகித ஆலைக்கு இயந்திரம் பூட்ட வந்த நோர்வேக்காரன் ஒருவன், அவர் யாரென்றே தெரியாமல், "என்னோட வா" என்றான். வந்துவிட்டார்.

"அவனில விருப்பமே?" என்று கேட்டேன்.

"அவன் கூப்பிட்டான்," என்றார்.

அந்த ஆள் ஓய்வுபெற்றதும் ஸ்பெயினுக்குப் போனான். வெயில் உள்ள ஊரில் வீடு பார்த்து ஒழுங்குபடுத்திவிட்டுக் கூப்பிடுவதாகச் சொல்லிவிட்டுப் போனானாம். அங்கே அவனுக்கு வேறு ஒருத்தி இருப்பது கட்டடத்தில் எல்லாருக்கும் தெரியும். அக்காவுக்கும் தெரியும் என்றுதான் நினைக்கிறேன். ஆனாலும் வெளியே போய்வந்தால் கோட்டைக் கழற்றுவதற்கு முன் தொலைபேசியில் தகவல் வந்தால் எரிகிற சின்ன விளக்கைத்தான் பார்ப்பார். எனக்கு அவன்மேல் வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல. அக்காமேல் வந்தது அதைவிடக் கூட.

நோர்வேயிலும் அவரைக் கூப்பிட்டார்கள், அதையும் சொல்லவேண்டும். தொலைக்காட்சித் தொடர் ஒன்றுக்கு ஆசிய முகம் வேண்டியிருந்தது. கதாநாயகன் தன் காதலியோடு சண்டை பிடிக்கிறான், பின்னால் ஒருத்தி யன்னல் துடைக்கிறாள். அவ்வளவுதான். அக்கா அந்த இளம் இயக்குநரிடம், "இவள் ஆர்? பிள்ளையள் இருக்கோ? ஏன் துடைக்கிறாள்?" என்று கேட்டிருக்கிறார். அவன் சிரித்துவிட்டு, "சும்மா துடையுங்கோ" என்றானாம். ஒளிபரப்பான அன்று என் வீட்டில் பற்றிஸ் பலகாரம் பொரித்து, அயலட்டையைக் கூப்பிட்டு, எல்லாரும் திரைக்கு முன்னால் குந்தியிருந்தோம். கண் மூடித் திறப்பதற்குள் ஒரு முழங்கை வந்து போனது. ஒருவருக்கும் ஒருவரைப் பார்க்க முகமில்லை.

அக்கா மட்டும் பற்றிஸைக் கடித்தபடி சொன்னார்: "அந்த முழங்கைக்கு இரண்டு பிள்ளையள். மூத்தவன் கடிதம் போடுறேல்லை. பாத்தால் விளங்கேல்லையே?"

விளங்கியது என்றுதான் சொன்னோம். வேறு என்ன சொல்ல.

இனி என் கணவரைப் பற்றிச் சொல்லவேண்டும். இவர் எங்கள் ஆட்களின் மன்றம் ஒன்றில் செயலாளர். ஒலிவாங்கியைக் கண்டால் இவருக்குப் பசி தெரியாது. ஆண்டு விழாவுக்குப் பிரதம விருந்தினர் தேடி மண்டையை உடைத்துக்கொண்டிருந்தபோது, "ஏனப்பா, பக்கத்து வீட்டில ஒரு நாட்டுக்கே பேர்போன நடிகை இருக்கிறா. அவாவைப் பாட விடுங்கோவன்" என்றேன். இவர் கண் மின்னியது. அன்று மாலையே வெற்றிலைத் தட்டத்தோடு போய் முறையாக அழைத்தார். ஒரு பாட்டு, அந்த ஓடக்காரன் பாட்டு, மேடையில், ஒலிவாங்கியோடு.

அக்கா தட்டத்தை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். கதவைச் சாத்தியபின் சுவருக்கு அந்தப் பக்கம் ஏதோ விழுந்த சத்தம் கேட்டு ஓடிப்போனேன். குந்தியிருந்து அழுதுகொண்டிருந்தார். சினிமா அழுகை இல்லை, மூக்கு வடிகிற அழுகை.

அடுத்த நாளிலிருந்து மீன்குழம்பு நின்றது. உறைப்பு தொண்டைக்கு ஆகாதாம். சுடுதண்ணீர், வெறும் சோறு. பயிற்சி வேறு. அயலவருக்குத் தொந்தரவு என்று உடுப்பு அலுமாரியைத் திறந்து, தொங்குகிற குளிர்க் கோட்டுகளுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு பாடுவார். அந்த அலுமாரி எங்கள் படுக்கையறைச் சுவரோடு ஒட்டியது. பின்னேரங்களில் நான் துணி மடிக்கிற சாட்டில் சுவரில் காதை வைத்துக் கேட்பேன். கம்பளியைத் தாண்டி, சுவரைத் தாண்டி வருகிற குரல். ஒரு சொல் விளங்காது. இருந்தாலும் கையிலுள்ள துணி அப்படியே நிற்கும்.

"மேடையில என்னை எப்பிடிக் கூப்பிடுவினம்? எந்தச் சொல்லு?" என்று கேட்டார்.

"'அழைக்கிறோம்' எண்டுவினம். அது கேட்டால் எழும்பலாம்."

அழைக்கிறோம், அழைக்கிறோம் என்று மூன்று நாள் சொல்லிப் பழகினார். எங்கள் ழகரம் அவரிடம் என்னைவிட அழகாக வந்தது.

விழா ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல், ஹவுகெட்டோப் பக்கம் ஒரு பள்ளி மண்டபத்தில். அழைப்பிதழில் போட்ட நேரத்துக்கு அக்காவும் நானும் கதிரைகளும்தான் இருந்தோம். அக்கா கழுத்து வரை பொத்தான் வைத்த நீலப்பட்டில் முன்வரிசையில் நிமிர்ந்து இருந்தார். சனம் ஒன்றரை மணித்தியாலம் பிந்தி, அவசரமில்லாமல், ஒருவரையொருவர் சுகம் விசாரித்துக்கொண்டு வந்து சேர்ந்தது. இது எங்களுக்குப் புதிதல்ல. மண்டபத்தைப் பூட்டுகிற நோர்வேக்காரனுக்குத்தான் இது தெரியாது.

விளக்கேற்ற ஒருவரை அழைத்தார்கள். இரண்டாவது திரிக்கு ஒருவர், மூன்றாவது திரிக்கு ஒருவர். வரவேற்புரைக்கு அழைத்தார்கள், ஆசியுரைக்கு அழைத்தார்கள், தலைமையுரைக்கு அழைத்தார்கள். ஒவ்வொரு "அன்புடன் அழைக்கிறோம்" கேட்கும்போதும் அக்கா கதிரையிலிருந்து பாதி எழும்புவார். நான் கையைப் பிடித்து இருத்துவேன். பிள்ளைகளின் நடனம் நாலு, நடுவில் வாழ்த்துரை. அக்கா கைப்பையிலிருந்த சுடுதண்ணீர்ப் போத்தலில் ஒரு மிடறு குடிப்பார், உதட்டை ஒற்றுவார், மறுபடி நிமிர்ந்து இருப்பார்.

கடைசியில் அவரையே அழைத்தார்கள். மேடைக்கு அவர் நடந்து போனதை நான் மறக்கமாட்டேன். அதுவரை கதைத்துக்கொண்டிருந்த பின்வரிசைகூட வாயை மூடியது. நேரே ஒலிவாங்கிக்கு முன்னால் போய் நின்று, தோளைத் தளர்த்தி, மூச்சை உள்ளே இழுத்து வாயைத் திறந்தார். அதே நேரம் மன்றத் தலைவர் பின்னாலிருந்து பொன்னாடையைப் போர்த்தினார். படம் பிடிக்கிறவரின் வெளிச்சம் வெட்டியது. எல்லாரும் கைதட்டினார்கள். தலைவர் அக்காவின் தோளைப் பிடித்துப் பக்குவமாகத் திருப்பி, "பாட்டுப் பிறகு, பிறகு" என்று நோர்வேஜிய மொழியில் சொல்லி இறக்கிவிட்டார். இழுத்த மூச்சை அக்கா எங்கே விட்டார் என்று எனக்குத் தெரியாது.

பிறகு அவரைக் கௌரவிப்பதற்காகவே முனைவர் பட்டம் பெற்ற ஒரு கலாநிதி ஏறினார். பழைய காலத்தில் சீனத்துக் கப்பல் எங்கள் கரைக்கு வந்த கதை, பட்டு வந்த கதை, பானை வந்த கதை. ஒரு சொல்லும் விளங்காத அந்தப் பெண்ணைப் பார்த்துப் பார்த்துப் பேசினார். அவரைப் புகழ்ந்து புகழ்ந்தே அவருடைய நேரத்தைத் தின்றார். நான் மேடைக்குப் பக்கத்தில் போய் என் கணவருடைய சட்டையைப் பிடித்து இழுத்தேன்.

"இஞ்சேருங்கோ, அவாவைக் கூப்பிடுங்கோ. மண்டபம் பூட்டப் போறாங்கள்."

"பொறும். கலாநிதியை நடுவில நிப்பாட்டேலுமே? இன்னும் நன்றியுரைதான் கிடக்கு."

"நன்றியைப் பிறகு சொல்லலாம்!"

"ரோல்ஸ் செய்து தந்தவைக்குச் சொல்லாமல் விட்டால் அடுத்த வருஷம் ஆர் தருவினம்?" என்றார். பகிடிக்குச் சொல்லவில்லை. முகத்தில் உண்மையான கவலை இருந்தது.

நன்றியுரையில் கதிரை அடுக்கியவர்களுக்கு நன்றி சொல்லிக்கொண்டிருந்தபோது, வக்த்மேஸ்தர், அதுதான் அந்தக் கட்டடப் பொறுப்பாளர், திறப்புக் கோர்வையைக் கிலுக்கிக்கொண்டு உள்ளே வந்தார். மணிக்கூட்டைக் காட்டினார். இவர் கெஞ்சினார். அவர் தலையை ஆட்டிவிட்டு மேடை விளக்கை அணைத்தார், ஒலிவாங்கியை அணைத்தார். சனம் சாப்பாட்டுப் பெட்டிக்கு ஓடியது.

அக்கா முன்வரிசையில் இருந்தார். பொன்னாடை தோளில். நான் முன்னால் போய் நின்றேன். எனக்கு அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தன.

"அக்கா, மைக் வேண்டாம். இஞ்சையே பாடுங்கோ. நான் கூப்பிடுறன். கெஞ்சிக் கேக்கிறன்."

"பிறகு எண்டு சொன்னவர்," என்றார்.

"பிறகு இல்லை அக்கா. முடிஞ்சுது."

அவர் மண்டபத்தைத் திரும்பிப் பார்த்தார். எங்கள் ஆட்கள் சாப்பாட்டு வரிசையில் முண்டியடித்துக்கொண்டிருந்தார்கள். பொன்னாடையைக் கழற்றி, நாலாக மடித்து, மடியில் வைத்தார். திரும்பும் காரில் இவர், "அடுத்த முறை கட்டாயம் பாட வைப்பம்" என்றார். அக்கா மரியாதையாக நன்றி சொன்னார்.

மறுநாள் அவர் குப்பை போட இறங்கியபோது உதட்டில் சாயம் இல்லை. உதடு வெளிறி, ஓரத்தில் வெடித்திருந்தது. அத்தனை வருடத்தில் அவருடைய முகத்தை அன்றுதான் பார்த்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் பாட்டு நின்றது. சலவை அறையில் இயந்திரம் சும்மா இருந்தால் யாருடைய முறை என்று பாராமல் போடத் தொடங்கினார். பஸ் வரிசையில் ஆட்களைத் தள்ளிக்கொண்டு ஏறினார். "இப்பதான் உம்மட அக்கா நோர்வேயைப் பழகியிருக்கிறா" என்று இவர் மெச்சினார். கூப்பிடுவார்கள் என்ற நினைப்பு ஒன்றுதான் அந்த மனுசியை நிமிர்த்தி வைத்திருந்தது. எங்கள் ஆட்கள் அதை ஒரு பொன்னாடையால் மூடிவிட்டார்கள்.

அடுத்த வருடம் ஒரு பின்னேரம் என் குசினியில் இருந்து மீன்குழம்பு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவருடைய வீட்டில் தொலைபேசி அடித்தது. நின்று, மறுபடி அடித்தது.

"அக்கா, உங்கட போன்."

"கேக்குது. இன்னும் கொஞ்சம் குழம்பு விடு. உறைப்புக் காணாது."

இரவுச் சாப்பாட்டுக்கு வந்த இவர் சொன்னார்: "உம்மட அக்காவுக்கு இரண்டு தரம் அடிச்சனான், எடுக்கேல்லை. இந்த முறை முதல் நிகழ்ச்சியே அவான்ர பாட்டுத்தான் எண்டு போட்டிருக்கிறம்."

அடுத்த நாள் அக்காவிடம் சொன்னேன்.

"முதலாவதோ? அப்ப கதிரையள் மட்டும்தானே இருக்கும்."

நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. அந்த இலையுதிர்காலம் வீட்டைக் காலி செய்துகொண்டு போனார். ஸ்பெயினுக்கு என்று சிலர் சொன்னார்கள், ஊருக்கே என்று பாகற்காய்க் கடைப் பெண் சொன்னாள். யாரும் கூப்பிட்டதாகத் தெரியவில்லை. என்னிடமும் சொல்லிக்கொள்ளவில்லை.

சில வருடம் கழித்து மன்றம் ஒரு சிறப்பு மலர் வெளியிட்டது. இவர் மூன்று பிரதி கொண்டுவந்து, ஒன்றை விரித்து என் முன்னால் வைத்தார். முழுப்பக்க வண்ணப்படம். நீலப்பட்டு, தோளில் பொன்னாடை, ஒலிவாங்கிக்கு முன்னால் அக்கா. கண்கள் தூரத்தில். வாய் திறந்திருக்கிறது. கீழே கொட்டை எழுத்தில்: சீனத் திரைத்தாரகை எமது மேடையில் பாடியபோது.

"அவா பாடேல்லையப்பா," என்றேன்.

இவர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுப் படத்தைக் குனிந்து பார்த்தார்.

"வாய் திறந்துதானே இருக்கு," என்றார்.